பட்டாளத்துக்கு வந்த ஒப்பந்த வாத்தியார்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டாட்ஜர் பேஸ்பால் மைதானத்தைக் கட்டிய கம்பெனியின் பெயர் வின்னெல். 1930-களில் தொடங்கிய கட்டுமான நிறுவனம். சாலை, அணை, மின் நிலையம் என்று சிமென்டும் இரும்பும்தான் அதன் பிழைப்பு. வியட்நாம் போரின்போது அமெரிக்க முகாம்களுக்கு மின்சாரம் கொடுத்த வேலையும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் 1975 பிப்ரவரியில் அந்தக் கம்பெனியின் பெயர் செய்திகளில் அடிபட்டதற்குக் காரணம் வேறு. சவுதி அரேபியாவின் தேசியக் காவல் படைக்குப் புதுக் கவச வண்டிகளைப் பழக்கிக்கொடுக்க 7 கோடியே 70 லட்சம் டாலருக்கு அது ஒப்பந்தம் எடுத்திருந்தது.

ஒரு நாட்டின் படைக்கு இன்னொரு நாட்டின் தனியார் கம்பெனி பாடம் நடத்துவதா? வாஷிங்டனில் சத்தம் எழுந்தது. செனட்டர் ஹென்றி ஜாக்சன் இதை விசாரிக்க வேண்டும் என்றார். கூலிப்படை என்ற வார்த்தை தாராளமாகப் புழங்கியது. இவர்கள் சண்டைக்குப் போகமாட்டார்கள், சொல்லிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்று அரசுத் தரப்பு சமாதானம் சொன்னது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வியட்நாமிலிருந்து திரும்பிய முன்னாள் ராணுவத்தினர். போர் முடிந்துகொண்டிருந்தது, படை சுருங்கிக்கொண்டிருந்தது, கையில் இருந்த ஒரே தொழில் பட்டாளத் தொழில். அதை ரியாத்தில் டாலருக்கு வாங்க ஆள் இருந்தது.

மாணவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தேசியக் காவல் படை என்பது வழக்கமான ராணுவத்திலிருந்து தனித்து நிற்பது. அரச குடும்பத்துக்கு விசுவாசமான பழங்குடிகளிலிருந்து ஆள் எடுத்து, அரண்மனையையும் எண்ணெய் வயல்களையும் காப்பதற்காக வளர்க்கப்பட்ட படை. அந்தப் படைக்கு நான்கு இயந்திரமயப் பட்டாலியன்களை உருவாக்கித் தர வேண்டும் என்பது திட்டம். கொடுக்கப்பட்ட வண்டி கெடிலாக் கேஜ் கம்பெனியின் வி-150. நான்கு சக்கரம், ஏறத்தாழ 10 டன் எடை, தண்ணீரிலும் மிதந்து போகும். பாடம் ஆங்கிலத்தில் தொடங்கி, மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாக அரபியில் போய்ச் சேர வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது இதில் சுலபமான பகுதி. பாலைவனத்தில் கவச வண்டியைக் கொல்வது எதிரியைவிட முதலில் புழுதிதான். ஏர் ஃபில்டரைத் தினமும் கழற்றிப் பார், எண்ணெய் மட்டம் பார், டயர் காற்று பார் என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டே இருப்பதில்தான் வாத்தியாரின் பாதிச் சம்பளம் நியாயமாகிறது.

இந்தத் தொழிலின் வேர் வின்னெலுக்கும் முந்தையது. 1941 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்டூவர்ட் டாங்கிகள் 84 எகிப்தில் வந்து இறங்கின. வட ஆப்பிரிக்கப் பாலையில் ஜெர்மன் தளபதி ரோமலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படைக்காக வந்தவை. அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. ஆனாலும் டாங்கிகளோடு சொல்லிக்கொடுக்கும் ஆட்களும் வந்தார்கள். ஸ்டூவர்ட்டுக்குள் இருந்தது விமானத்துக்கென்று செய்யப்பட்ட வட்ட வடிவ ரேடியல் எஞ்சின். இரவெல்லாம் நின்றால் கீழ்ப்பக்க சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். அதைக் கவனிக்காமல் காலையில் அப்படியே ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் உடையும். முதலில் கையால் சுற்றி எண்ணெயை வெளியேற்ற வேண்டும். இத்தகைய விஷயங்கள் எல்லாம் கையேட்டில் இருக்கும். ஆனால் கையேட்டைப் படித்துப் பழக அந்தப் பாலையில் யாருக்கு நேரம்? பழக்கப்பட்டவன் பக்கத்தில் நின்று காட்டினால் ஒரு காலைப்பொழுது போதும். சில மாதங்களில், அந்த ஆண்டு நவம்பரில், ஸ்டூவர்ட்டுகள் பெரும் போருக்கே போய்விட்டன. அந்த டாங்கியின்மேல் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அவ்வளவு பிரியம். தேன் என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது கம்பெனி ஆட்கள் படையோடு போனது அவசரத்துக்கு. 1975-க்குப் பிறகு அதுவே நிரந்தர ஏற்பாடானது. வின்னெலின் ஒப்பந்தம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டது. கம்பெனி கைமாறிக் கைமாறிக் கடைசியில் நார்த்ராப் கிரம்மனிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ரியாத் வேலை மட்டும் நிற்கவில்லை. பாடம் எவ்வளவு ஏறியது என்பதற்கு ஒரு பரீட்சையும் வந்தது. 1991 ஜனவரி 29 இரவு ஈராக்கியப் படை சவுதி எல்லையைத் தாண்டி காஃப்ஜி ஊரைப் பிடித்தது. அதை மீட்கப் போனவர்களில் தேசியக் காவல் படை முன்னணியில் நின்றது, அதே வி-150 வண்டிகளோடு. கத்தார் நாட்டு டாங்கிகள் கூட வந்தன, அமெரிக்க விமானங்கள் மேலே பறந்தன. பிப்ரவரி 1-க்குள் ஊர் மீண்டது. முதல் தாக்குதலில் தடுமாற்றம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் பதினைந்து வருடம் முன்பு கவச வண்டி என்றால் என்னவென்று அறியாத படை அது.

அந்த வாத்தியார் வேலைக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1995 நவம்பர் 13 அன்று ரியாத்தில் தேசியக் காவல் படைப் பயிற்சித் திட்டத்தின் அலுவலகத்துக்கு வெளியே கார் குண்டு வெடித்தது. 5 அமெரிக்கர்களும் 2 இந்தியர்களும் இறந்தார்கள். 2003 மே 12 அன்று குடியிருப்பு வளாகங்கள் தாக்கப்பட்டபோது வின்னெல் ஊழியர்கள் 9 பேர் செத்தார்கள். சண்டைக்குப் போகமாட்டார்கள் என்ற 1975-ம் ஆண்டுச் சமாதானம், சண்டை அவர்களைத் தேடி வராது என்று உறுதி சொல்லவில்லை.

பனிப்போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவமே ஆட்குறைப்பில் இறங்கியது. 1980-களில் 7 லட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டி இருந்த நிரந்தரப் படை, அடுத்த பத்தாண்டின் முடிவில் 4 லட்சத்து 80 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. சமையல், துணி வெளுப்பு, லாரி ஓட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் ஒப்பந்தத்துக்குப் போயின. அந்த வரிசையில் பயிற்சியும் சேர்ந்தது. வெளிநாட்டுப் படைக்குச் சொல்லிக்கொடுக்க என்று தொடங்கிய தொழில், சொந்தப் படைக்கே சொல்லிக்கொடுக்கும் தொழிலாகத் திரும்பி வந்தது. புது வண்டி வாங்கும்போதே உதிரி பாகம், கையேடு, கருவிப்பெட்டி, கூடவே வாத்தியார் என்று எல்லாம் ஒரே விலைப்பட்டியலில் அடங்கிவிடும்.

இதன் உச்சம் ஈராக்கில் வந்தது.

2003-ல் ஈராக்குக்குள் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஏறியிருந்தது ஹம்வீ. அடிப்பகுதி தட்டையான, ஜீப்பின் வாரிசான வண்டி. சாலையோரம் புதைத்த குண்டு வெடித்தால் அதன் முழு விசையும் அந்தத் தட்டையான அடியில்தான் மோதும். சிப்பாய்கள் குப்பைமேட்டில் கிடைத்த இரும்புத் தகடுகளைப் பொறுக்கி வண்டியில் கட்டிக்கொண்டார்கள். 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு சிப்பாய் எழுந்து நின்று பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டிடமே இதைக் கேட்டுவிட்டார். அது உலகச் செய்தியானது. தீர்வு ஏற்கெனவே தென்னாப்பிரிக்காவில் இருந்தது. அங்கே 1970-களிலேயே காஸ்பிர் போன்ற வண்டிகளின் அடிப்பகுதியைப் படகின் அடிபோல முக்கோணமாக இறக்கியிருந்தார்கள். வெடியின் விசை இருபக்கமும் சிதறிப் போகும். காஸ்பிரை இந்தியாவும் வாங்கியது. மேடக் ஆயுதத் தொழிற்சாலையில் செய்த ஆதித்யா அதன் வழிவந்ததுதான்.

ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் இருந்த அமெரிக்க மரீன் படை 2005 பிப்ரவரியில் இப்படிப்பட்ட 1,169 வண்டிகள் அவசரமாக வேண்டும் என்று கேட்டது. கோரிக்கை கோப்பிலேயே கிடந்தது. ரம்ஸ்ஃபெல்ட் போய் ராபர்ட் கேட்ஸ் வந்து, 2007 மே மாதம் இதுதான் முதல் வேலை என்று உத்தரவிட்ட பிறகுதான் விஷயம் நகர்ந்தது. நகர்ந்தது என்பது குறைவான சொல். மொத்தம் சுமார் 27,000 வண்டிகள். ரேடியோவும் மின்னணுக் கருவிகளும் பொருத்த சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்கு வந்தவை உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு 50 வீதம் வெளியேறின. எம்ராப் என்று பொதுப்பெயர். ஆனால் ஒரே வண்டி அல்ல. கூகர், மேக்ஸ்ப்ரோ, கெய்மன், ஆர்ஜி-31, ஆர்ஜி-33 என்று ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு அமைப்பு. ஒன்றில் கேட்டர்பில்லர் எஞ்சின், ஒன்றில் கம்மின்ஸ், இன்னொன்றில் இன்டர்நேஷனல் கம்பெனியின் சொந்த எஞ்சின். ஒன்றின் உதிரி பாகம் மற்றதில் சேராது.

செய்த வண்டிகளெல்லாம் நேராகப் போர்முனைக்குப் போனதால் அமெரிக்கப் பாசறைகளில் பழகுவதற்கு வண்டி மிஞ்சவில்லை. ஹம்வீயில் பழகிய சிப்பாய் ஈராக்கில் இறங்கிய பிறகுதான் எம்ராப்பை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். ஆகவே வாத்தியார்களும் அங்கேயே போனார்கள். அவர்களைத் தயார்செய்ய டெக்சஸில் ரெட் ரிவர் ராணுவப் பணிமனையில் எம்ராப் பல்கலைக்கழகம் என்று ஒன்று தொடங்கினார்கள். பெயர்தான் பல்கலைக்கழகம். உள்ளே இருந்தது எல்லா மாடலும் நிற்கும் பட்டறையும் வகுப்பறையும்தான். மெக்கானிக்குகளும் கம்பெனிகளின் களப் பிரதிநிதிகளும் அங்கே கற்றுக்கொண்டு ஈராக்குக்கும் குவைத்துக்கும் விமானம் ஏறினார்கள். 2008 தொடக்கத்தில் ஈராக் போர்ப் பகுதியில் ஒப்பந்த ஊழியர்கள் 1,90,000 பேர் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கணக்குச் சொன்னது. ஏறக்குறைய சிப்பாய்க்கு ஒருவர். வண்டி வாத்தியார்கள் அதில் ஒரு சிறு பிரிவு.

குண்டிலிருந்து வண்டி காப்பாற்றியது உண்மை. ஆனால் கவசத்தின் எடையும் உயரமும் சேர்ந்து எடைமையத்தை மேலே தூக்கிவிட்டன. 18 டன், 20 டன் வண்டி, ஈராக்கின் வாய்க்கால் கரைகளில். 2007 நவம்பர் முதல் 2008 ஜூன் வரை பதிவான 66 எம்ராப் விபத்துகளில் கிட்டத்தட்ட 40 கவிழ்ந்தவை என்று மரீன் படை அறிக்கை சொன்னது. ஓரம் சரிந்தது, பாலம் உடைந்தது, ஓட்டுநர் சட்டென்று திருப்பினார், இவைதான் காரணங்கள். 2008 ஜூன் 29 அன்று ஆப்கானிஸ்தானில் ஒரு ஆர்ஜி-31 தண்ணீருக்குள் உருண்டதில் சிறப்புப் படை வீரர்கள் மூவர் இறந்தார்கள். கண்ணிவெடிக்கு அஞ்சி வாங்கிய வண்டிக்குள், வெடியே இல்லாமல்.

அதன்பின் பாடத்திட்டம் மாறியது. குவைத்தின் பியூரிங் முகாமில் எம்ராப்பின் உடற்கூட்டை மட்டும் ஒரு இரும்பு அச்சில் பொருத்தி வைத்தார்கள். முழுக் கவசம் அணிந்த சிப்பாய்கள் உள்ளே ஏறி பெல்ட் போட்டுக்கொள்வார்கள். வெளியே விசைப்பலகையில் பெரும்பாலும் ஒப்பந்தப் பயிற்றுநர். கூடு மெல்லச் சாயும். வண்டி கவிழ்கிறது என்று உள்ளே இருப்பவர்கள் மூன்று முறை கத்த வேண்டும், கத்திக்கொண்டே மேலே துப்பாக்கியோடு நிற்பவரின் உடையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும். அடுத்த நொடி எல்லோரும் தலைகீழாகத் தொங்குவார்கள். அப்போதுதான் புதியவர் தவறு செய்வார், பெல்ட்டின் பூட்டை முதலில் அழுத்திவிடுவார், கழுத்து கூரையில் மோதும். ஒரு கையைக் கூரையில் ஊன்று, உடம்பின் எடையைத் தாங்கு, பிறகு பூட்டைத் திற, ஒவ்வொருவராக இறங்கு, எந்தக் கதவு மேலே இருக்கிறது என்று பார். கவசக் கதவின் எடை அப்படி. வண்டி பக்கவாட்டில் கிடந்தால் மேல்நோக்கித் திறக்க ஒருவரால் முடியாது.

இந்த வாத்தியாருக்கு ஒரு விசித்திர நிலைமை உண்டு. அவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற சார்ஜென்ட், சிப்பாயைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். சம்பளமும் அநேகமாக அதிகம். ஆனால் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. இவர் இன்னும் தேறவில்லை என்று அவர் சொல்லலாம், நாளைக்கு இவரை ரோந்துக்கு அனுப்பாதே என்று சொல்ல முடியாது. அது படைப்பிரிவின் அதிகாரி முடிவு. ஒப்பந்த முறையைக் குறை சொல்பவர்கள் பணத்தைத்தான் பேசுகிறார்கள். உண்மையான குறை இங்கே இருக்கிறது. படைக்குள்ளேயே வளர்ந்த பயிற்றுநர் அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக்கொடுப்பார். ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனி ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், அறிவும் அவரோடு போய்விடும்.

அது ஆப்கானிஸ்தானில் முழுதாகத் தெரிந்தது. 2011-ல் ஆப்கன் தேசிய ராணுவத்துக்கு டெக்ஸ்ட்ரான் கம்பெனியின் அதிரடிப்படைக் கவச வண்டிகள் ஏற்பாடாகின. வி-150 செய்த கெடிலாக் கேஜை 1986-ல் வாங்கியது டெக்ஸ்ட்ரான்தான். ரியாத்தில் ஓடியதன் பேரப்பிள்ளை காபூலுக்கு வந்தது என்று சொல்லலாம். கம்பெனியின் பயிற்றுநர்கள் ஆப்கன் சிப்பாய்களுக்கு மொழிபெயர்ப்பாளர் துணையோடு அதே எண்ணெய், அதே டயர், அதே ஃபில்டர் பாடங்களை நடத்தினார்கள். பழுதுபார்க்கும் திறமை படைக்குள் வேரூன்றும் முன்பே காலம் முடிந்தது.

2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்ட உடன்பாட்டில், வெளியேற வேண்டியவர்கள் பட்டியல் இருக்கிறது. ராணுவத்தினர், தூதரகப் பணியில் இல்லாத அரசு ஊழியர்கள், தனியார் பாதுகாவலர்கள், ஆலோசகர்கள். அவர்களோடு பயிற்றுநர்களும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். 2021 வசந்தத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 16,000-க்கு மேற்பட்ட ஒப்பந்த ஊழியர்கள் ஆப்கானிஸ்தானில் இருந்தார்கள். கோடையில் அவர்கள் கிளம்பினார்கள். ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது ஆப்கன் ராணுவத்தின் கவச வண்டிகள் தாலிபான் வசமாயின.