கட்டுச்சோறும் களஞ்சியமும்: விண்வெளி உணவு வரலாறு பற்றி ஒரு குறிப்பு

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரப் பிரதேச மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது, சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வரதய்யபாளையமும் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிகோட்டாவும் புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. இதனால் மூன்று இடங்கள் ஒரே மாவட்ட எல்லைக்குள் அமைந்துவிட்டன. ஒன்று, திருமலைக் கோயிலின் உக்கிராணம். இரண்டு, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரவியுள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தின் உணவு ஆலைக் கிடங்குகள். மூன்று, சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் ஏவுதளம். முதல் இரண்டும் வரவு, செலவு, கையிருப்பு என்னும் கணக்கின்மேல் நிற்பவை. மூன்றாவது இடத்துக்கு உணவைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு இனிமேல்தான் தேவைப்படப் போகிறது. அதன் வரலாற்றை இப்போதே படித்துவைப்பது நல்லது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விண்வெளி உணவு என்றதும் நம்மிடையே பேசப்படுவது பெரும்பாலும் பண்டத்தைப் பற்றியே. 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கலத்தில் புறப்பட்ட ராகேஷ் சர்மா, மைசூரிலுள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் தயாரித்த ரவை அல்வா, உருளைக்கிழங்குச் சுண்டல், காய்கறிப் புலாவ் ஆகியவற்றைச் சல்யூட்-7 நிலையத்துக்குக் கொண்டுசென்றார் என்பது பலருக்கும் தெரியும். அதே வேளையில் அந்நிலையத்தில் வேறு மூவர் குடியிருந்தனர் என்பதை நாம் அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. கிசிம், சொலவ்யோவ், அத்கோவ் என்னும் அம்மூவரும் பிப்ரவரியில் சென்று அக்டோபரில் திரும்பியவர்கள். 237 நாட்கள் அங்கே வாழ்ந்தவர்கள். சர்மா ஏறத்தாழ எட்டு நாட்களில் பூமிக்குத் திரும்பினார். ஒரே கூரையின்கீழ் இருவேறு உணவு முறைகள் அப்போது இயங்கின. விருந்தினர் கொண்டுசென்றது கட்டுச்சோறு. குடியிருந்தவர்கள் உண்டது களஞ்சியத்துச் சோறு.

'கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?' என்னும் பழமொழி விண்வெளி நிலையங்களின் தொடக்க வரலாற்றுக்கு அப்படியே பொருந்தும். 1973 மே மாதம் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலாப் மிகப் பெரிய கட்டுச்சோற்று மூட்டை எனலாம். அடுத்தடுத்துத் தங்கவிருந்த மூன்று குழுக்களுக்குமான உணவு, ஆளில்லாத நிலையத்திலேயே முன்கூட்டி ஏற்றி அனுப்பப்பட்டது. ஏவும்போது வெப்பக் கவசம் பிய்ந்துபோய் நிலையம் சூடேறியதும், உள்ளே இருக்கும் உணவு கெட்டிருக்குமோ என்ற கவலை பூமியில் எழுந்தது. கெட்டிருந்தால் மாற்று அனுப்பச் சரக்குக் கப்பல் கிடையாது. 56 நாட்களுக்குத் திட்டமிடப்பட்ட மூன்றாம் குழுவின் பயணம் 84 நாட்களாக நீண்டபோது, சிறிய இடத்தில் மிகுந்த ஆற்றலைத் தரும் உணவுக் கட்டிகளை அக்குழுவினர் தம்மோடு எடுத்துச்செல்ல வேண்டியதாயிற்று.

மூட்டை களஞ்சியமாக மாறிய நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட சோவியத் சல்யூட்-6 நிலையத்தில் கலங்கள் வந்து இணைவதற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. ஒன்றில் குழுவினரின் கலம் நிற்கும். மற்றொன்று காலியாக இருக்கும். அந்தக் காலி வாயிலுக்கு 1978 ஜனவரி 20 அன்று புறப்பட்டது புரோகிரஸ்-1. ஆளில்லாத அந்தச் சரக்குக் கலம் எரிபொருளும் உணவும் பிற பொருட்களுமாக ஏறத்தாழ 2,300 கிலோ சுமந்து சென்றது. இறக்கிய பின் நிலையத்தின் கழிவுகளை ஏற்றிக்கொண்டு வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. அங்கிருந்த ரொமானென்கோ, கிரெச்கோ இருவரும் 96 நாட்கள் தங்கினர். விண்வெளியில் மனிதர் வாழும் காலத்தை நீட்டித்ததில், புதிய உணவுப் பண்டங்களைக் காட்டிலும் அந்த இரண்டாம் வாயிலுக்குப் பங்கு அதிகம்.

வரத்து தொடங்கியதும் கணக்கும் தொடங்கியாக வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பொதியுறையோடு சேர்த்து ஏறத்தாழ 1.8 கிலோ உணவு என்பது திட்டமிடுவோர் கொள்ளும் அளவு. மூவர் ஆறு மாதம் தங்கினால் ஏறக்குறைய ஒரு டன் ஆகும். ஆனால் மனிதர் சராசரியை உண்பதில்லை. பிடித்த பண்டம் முதலில் தீர்ந்துபோகும். பிடிக்காதது அடியில் தங்கிவிடும். ஏட்டில் கையிருப்பு இருக்கும், உண்ணத்தக்கது குறைந்திருக்கும். இதனால்தான் வகைவாரியாகக் கட்டிய உணவுப் பைகளை நாள்கணக்கு வைத்துத் திறக்கும் முறையும், பட்டைக்குறியீட்டின் துணையோடு ஒவ்வொரு பொருளின் இருப்பிடத்தையும் குறித்துவைக்கும் முறையும் அங்கே வந்தன. எடையற்ற நிலையில் வைத்த இடத்தில் பொருள் நிற்காது. எங்கே இருக்கிறது என்று தெரியாத பொருள், பசிக்கிற நேரத்தில் இல்லாத பொருளே.

இக்கணக்கு தவறினால் என்னவாகும் என்பதை 2004 காட்டிற்று. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரை இழந்த 2003 பிப்ரவரி 1 கொலம்பியா விபத்துக்குப் பின் அமெரிக்க விண்ணோடங்கள் நிறுத்தப்பட்டன. நிலையத்தின் குழு மூவரிலிருந்து இருவராகக் குறைக்கப்பட்டது. சரக்கு வரத்து முழுவதும் ரஷ்யாவின் புரோகிரஸ் கலங்களை நம்பி நின்றது. 2004 அக்டோபரில் சென்ற லெராய் சியாவ், சலிழான் ஷரிபோவ் இருவரும் கையிருப்பை எண்ணிப் பார்த்தபோது, இருக்க வேண்டிய அளவு உணவு இல்லை. முந்தைய குழுவினர் அனுமதி பெற்றே அடுத்த குழுவுக்கான உணவிலிருந்து எடுத்திருந்தனர். எடுத்த அளவு முறையாகப் பதிவாகவில்லை. இருவரும் அன்றாட உணவைக் குறைத்துக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். டிசம்பர் இறுதியில் வரவிருந்த கலம் தவறினால் நிலையத்தைக் காலிசெய்து திரும்புவது என்ற முடிவும் ஆயத்தமாக இருந்தது. டிசம்பர் 25 அன்று புரோகிரஸ் வந்து இணைந்தது. பல நாடுகள் பல்லாயிரம் கோடி செலவிட்டுக் கட்டிய நிலையம், பதிவேட்டில் விடுபட்ட சில வரிகளால் ஆளின்றிப் போகும் நிலைக்கு வந்து மீண்டது.

பத்தாண்டுகள் கழித்து நேர்ந்தது இதைவிடக் கடுமையான சோதனை. 2014 அக்டோபர் 28, 2015 ஏப்ரல் 28, 2015 ஜூன் 28 என எட்டு மாதங்களுக்குள் மூன்று சரக்குப் பயணங்கள் தோல்வியுற்றன. அன்டாரிஸ், சோயுஸ், ஃபால்கன்-9 என மூன்றும் வெவ்வேறு ஏவூர்திகள். ஆயினும் குழுவினர் அரைவயிற்றோடு இருக்க நேரவில்லை. நிலையத்தைக் காலிசெய்யும் பேச்சும் எழவில்லை. பல மாதங்களுக்கான சேமிப்பு உள்ளே இருந்தது. அது எவ்வளவு என்பது பூமியிலிருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 2004இல் ஒரு கலத்தின் வருகையில் எல்லாம் தொங்கியது. 2015இல் மூன்று கலங்களின் இழப்பையும் நிலையம் தாங்கியது. சேமிப்பு பெருகியதும், அதன் அளவு ஐயமின்றித் தெரிந்திருந்ததுமே வேறுபாடு.

இந்தியா இப்போது இவ்வரலாற்றின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படவிருக்கும் ககன்யான், மூவரை மூன்று நாட்கள் வரை சுற்றுப்பாதையில் வைத்திருக்கும் திட்டம். 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்ட சுபான்ஷு சுக்லா பன்னாட்டு நிலையத்தில் 18 நாட்கள் தங்கினார். கேரட் அல்வா, பாசிப்பருப்பு அல்வா, மாம்பழச் சாறு ஆகியவற்றை உடன் கொண்டுசென்றார். அவரும் பிறர் காத்துவரும் களஞ்சியத்துக்குச் சென்ற விருந்தினரே. 1984 முதல் இன்றுவரை நம் பட்டறிவு கட்டுச்சோற்றின் பட்டறிவு. உணவைக் கெடாமல் பதப்படுத்திப் பொதியும் கலையில் மைசூர் ஆய்வுக்கூடத்துக்கு அறுபதாண்டுகளுக்கும் மேலான மரபு உண்டு; அது சிறிய பேறு அன்று. ஆனால் 2035க்குள் பாரதிய அந்தரிக்ஷ நிலையத்தை அமைப்பது நாட்டின் இலக்கு. அன்று நாம் வீட்டுக்காரராக வேண்டும். எத்தனை நாள் சேமிப்பு எப்போதும் கைவசம் இருக்க வேண்டும், ஒரு சரக்குக் கலம் தவறினால் மாற்று எது, ஒரு குழு அடுத்த குழுவின் உணவில் கைவைக்க நேர்ந்தால் அதை யார் பதிவது என்னும் கேள்விகளுக்கு எந்த அல்வாவும் விடையாகாது.

உக்கிராணம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. அரிசியும் பருப்பும் நெய்யும் நாள்தோறும் அளந்து வாங்கப்பட்டு, அளந்து மடைப்பள்ளிக்குக் கொடுக்கப்படும் இடம் அது. சமையலின் புகழ் மடைப்பள்ளிக்குப் போய்ச் சேரும். ஒருநாளும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது உக்கிராணக்காரரின் பொறுப்பு. தென்னிந்தியக் கோயில்களின் பண்டசாலைக் கணக்குகளும் கல்வெட்டுகள் குறிக்கும் நெல் அளவைகளும் பொருளியல் வரலாற்று ஆய்வாளர்களுக்கு நெடுங்காலமாகச் சான்றாக இருந்துவருகின்றன. விண்வெளி நிலையங்களின் சரக்குப் பதிவேடுகளையும் அதே கண்ணோடு படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. உணவு வரலாறு, தொழில்நுட்ப வரலாறு, மேலாண்மையியல் பயிலும் மாணவர்கள் எவரேனும் முனைவர்பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், 2004ஆம் ஆண்டின் அந்த விடுபட்ட வரிகளிலிருந்து தொடங்கலாம்.