பெட்டி, பேனா, பார்-ஹில்லேல்

இயந்திர மொழிபெயர்ப்பின் வரலாற்றில் யெஹோஷுவா பார்-ஹில்லேல் பெயர் வந்தால் கூடவே ஒரு பழியும் வந்துவிடும். வளர்ந்துகொண்டிருந்த துறையின் தலையில் கல்லைப் போட்டவர் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வியன்னாவில் 1915-ல் பிறந்து, பெர்லினில் வளர்ந்து, 1933-ல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்தவர். ஜெருசலேமில் தத்துவமும் கணிதமும் படித்தார். இதற்கிடையே அமெரிக்காவில் வாரன் வீவர் 1949-ல் ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டிருந்தார். ரஷ்யக் கட்டுரையை, சங்கேதத்தில் எழுதிய ஆங்கிலமாகப் பார்த்தால் என்ன என்பது அவர் கேள்வி. போர்க்காலத்தில் சங்கேதங்களை உடைத்த அனுபவம் கொடுத்த தைரியம்! அதன் தொடர்ச்சியாக 1951-ல் எம்.ஐ.டி. பார்-ஹில்லேலை வேலைக்கு எடுத்தது. உலகிலேயே இதற்கென்று முழுநேரச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

வந்த வருஷமே நிலவரத்தை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். மனிதக் கை படாமல் துல்லியமான மொழிபெயர்ப்பு இப்போதைக்கு நடக்காது, மனிதனும் இயந்திரமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். இந்த 1951-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1952 ஜூனில் இத்துறையின் முதல் மாநாட்டைக் கூட்டியதும் இவரே.

1953-ல் இவர் வெளியிட்ட இலக்கண முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னம் மாதிரி ஒரு குறி. சொற்களை வரிசையாக வைத்துப் பெருக்கினால் மேலும் கீழும் அடிபட்டுப் போகும். கடைசியில் 'வாக்கியம்' என்ற ஒரே குறி மிஞ்சினால் இலக்கணம் சரி. பள்ளிக்கூடத்தில் நாம் பின்னம் அடித்த அதே வேலைதான். (கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் பரீட்சையில் திட்டிக்கொண்டே எழுதிய பம்பிங் லெம்மாவும், 1961-ல் இவர் பெர்லஸ், ஷமீர் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருக்கிறது :-))

அந்த 1953-லேயே ஊர் திரும்பிவிட்டார். அடுத்த ஜனவரி 7-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் நியூயார்க்கில் வித்தை காட்டின. 250 சொற்கள், 6 விதிகள், அறுபது சொச்சம் ரஷ்ய வாக்கியங்கள். மூன்று முதல் ஐந்து வருஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று பேச்சு கிளம்பியது. பணமும் கொட்டியது.

1958-ல் பார்-ஹில்லேல் மறுபடி போய் ஆய்வுக்குழுக்களைப் பார்த்தார். 1960-ல் அச்சான அறிக்கையில்தான் அந்தப் புகழ்பெற்ற உதாரணம். ஒரு சின்னப் பையன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், அது 'பென்'னுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் பென் என்றால் பேனா. குழந்தையை விளையாட விடும் தடுப்பும் பென்தான். பேனாவுக்குள் பெட்டி நுழையாது என்று நமக்குத் தெரியும், இலக்கணத்துக்குத் தெரியுமா? தெரிய வேண்டுமானால் உலக அறிவு முழுவதையும் இயந்திரத்துக்குள் திணிக்க வேண்டும், அது வெறும் கனவு என்றார்.

1966-ல் ஆல்பாக் குழுவின் அறிக்கை வந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் செலவழித்தும் பலன் போதாது என்றது. அமெரிக்காவில் நிதி வற்றியது, ஆய்வுக்குழுக்கள் கலைந்தன. பழி இவர் தலையிலும் விழுந்தது. ஆனால் 1951-ல் சொன்னதைத்தானே மனுஷன் 1960-லும் சொன்னார்? ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆளில்லாமல் முடியும் என்று ஆசை காட்டிப் பணம் வாங்காதீர்கள் என்றார். முதல் சம்பளம் வாங்கியவரே அதைச் சொன்னதுதான் மற்றவர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

1975-ல் காலமானார். இன்றைய மென்பொருள்கள் கோடிக்கணக்கான வாக்கியங்களிலிருந்து கற்றுக்கொண்டு அந்தப் 'பென்'னைப் பெரும்பாலும் சரியாகவே பிடித்துவிடுகின்றன. அந்த உதாரணத்தில் அவர் தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஊரில் உள்ள வீட்டின் தமிழ்ப் பத்திரத்தை இங்கே வெளிமாநில வங்கியில் ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். மொழிபெயர்த்தவர் கையெழுத்து எங்கே என்றுதான் கேட்பார்கள்.