பேரிங் விளிம்பில் ஒரு கல்வெட்டு

ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியாருக்கு பேரிங்கில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் பழைய ரேஸ் கார்களைச் சீர்செய்யும் பட்டறையில் என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். "கல்வெட்டு மாதிரி இருக்கு சார், உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு படம் அனுப்பினார். 1950களின் கியர்பாக்ஸில் கழற்றிய பேரிங். விளிம்பில் 'எல்எஸ் 10'. பக்கத்தில் மூன்று குட்டி வட்டங்கள்.

எல்எஸ் என்பது செம்ஸ்ஃபோர்டு ஊரின் ஹாஃப்மன் கம்பெனி வைத்த பெயர். அதே பேரிங்கை நியூவார்க்கில் ரான்சம் அண்ட் மார்ல்ஸ் 'எல்ஜே 1' என்றது. சுவீடனின் எஸ்கேஎஃப் 'ஆர்எல்எஸ் 8' என்றது. பெயர் மூன்று, பொருள் ஒன்று: துளை 1 அங்குலம், வெளிவிட்டம் 2¼, அகலம் 5/8. 1969இல் ஹாஃப்மன், ரான்சம், பொல்லார்டு மூன்றும் அரசின் முயற்சியில் இணைந்து ஆர்எச்பி ஆயின. 1990இல் அதை ஜப்பானின் என்எஸ்கே வாங்கியது. ஆகவே எல்எஸ் 10 என்று கேட்டால் இன்றைய கடைக்காரர் முழிப்பார்.

எல்லாக் கடையிலும் கிடைக்கும் 6205ஐப் போடலாமே? அதன் துளை 25 மி.மீ. (கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்குங்கள், துளை வந்துவிடும்.) ஒரு அங்குலம் 25.4 மி.மீ. 0.4 தானே என்று ஷாஃப்டைக் கடைந்து குறைத்தால், வேறெங்கும் கிடைக்காத அசல் ஷாஃப்ட் போச்சு. வெளிவிட்டமோ 52 தான். இருக்க வேண்டியது 57.15.

சரி, இங்கிலாந்துக் கார் என்றாலே அங்குலம்தானா? அதுவும் இல்லை. 1960 வாக்கில் மைக் ஹியூலண்ட், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கியர்பாக்ஸ் கூட்டைத் தலைகீழாகத் திருப்பி ரேஸ் கார்களில் வைத்தார். பீட்டிலில் இன்ஜின் கியர்பாக்ஸுக்குப் பின்னால். ரேஸ் காரில் முன்னால். திருப்பாமல் வைத்தால் கார் நான்கு கியரிலும் பின்னோக்கி ஓடும்! அது ஜெர்மன் கூடு, மில்லிமீட்டர் கணக்கு. மைக்ரோமீட்டரால் மூன்று அளவும் எடுத்த பிறகுதான் பெயரைத் தேட வேண்டும்.

அந்த மூன்று வட்டங்களைத்தான் பலர் கவனிப்பதில்லை. குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே விட்ட இடைவெளியின் குறி அது. இரண்டு வட்டம் சாதாரணம். மூன்று என்றால் கூடுதல், இன்றைய மொழியில் 'சி3'. இந்த அளவு பேரிங்கில் சாதாரணம் 5 முதல் 20 மைக்ரான். சி3 என்றால் 13 முதல் 28. இறுக்கி அடித்து ஏற்றும்போதும், ஓடிச் சூடேறும்போதும் இந்த இடைவெளி குறையும். முழுக்கத் தீர்ந்தால் பேரிங் இறுகும். அந்த வேகத்தில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் ஓட்டுநர் உயிருக்கே ஆபத்து. எனவே கடையில் கேட்க வேண்டியது வெறும் எல்ஜே 1 அல்ல, எல்ஜே 1 சி3.