வடக்கின் ஆட்டமும் தலைநகரும்: 1928-29 ரக்பி லீக் பருவம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

விளையாட்டு வரலாற்றைப் பொழுதுபோக்கின் வரலாறு என ஒதுக்கிவிடும் போக்கு நம்மிடையே இன்றும் உண்டு. ஆயின், உழைப்புக்கும் ஓய்வுக்கும் இடையே ஒரு சமுதாயம் எங்கே கோடு கிழிக்கிறது, அதனைக் கிழிப்பவர் யாவர் என்னும் வினாக்களுக்கு விளையாட்டுக் களத்தில் தெளிவான விடை கிடைக்கின்றது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து ஆங்கில ரக்பி லீக் வரலாற்றில் 1928-29ஆம் ஆண்டுப் பருவத்தை இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம். வட இங்கிலாந்துத் தொழிலாளரின் ஆட்டம் தன் கிண்ண இறுதியாட்டத்தை முதன்முறையாக இலண்டனுக்குக் கொண்டு சென்ற பருவம் அது. அம்முயற்சி பெற்றுத் தந்தது எது, பெற்றுத் தராதது எது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

பிளவின் பின்புலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யார்க்‌ஷயர், லங்காஷயர் வட்டாரங்களின் நிலக்கரிச் சுரங்கத்தாரும் ஆலைத் தொழிலாளரும் சனிக்கிழமை முற்பகலிலும் வேலை செய்தனர். ஆட்டத்துக்குச் சென்றால் கூலி போயிற்று. அக்கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்னும் வடக்குக் கழகங்களின் கோரிக்கையை ரக்பி யூனியன் 1893இல் நிராகரித்தது. பணம் பெறாமல் ஆடுவதே பண்பு என்பது, கூலியை நம்பி வாழாதோர் வகுத்த நெறி. 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் விடுதியில் கூடிய வடக்குக் கழகங்கள் தனி அமைப்பொன்றைத் தோற்றுவித்தன. இழந்த வேலை நேரத்துக்கு நாளொன்றுக்கு 6 ஷில்லிங் ஈடு வழங்க அவை இசைந்தன.

1898இல் வெளிப்படையாக ஊதியம் பெற அனுமதி கிடைத்தது. எனினும் ஆட்டக்காரர் வேறொரு தொழிலும் செய்தல் வேண்டும் என்னும் விதி 1905 வரை நீடித்தது. 1906இல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆயிற்று. 1922இல் அமைப்பு 'ரக்பி லீக்' என்னும் பெயரை ஏற்றது. இவ்வாட்டத்தில் ஊதியம் பெற்றவருக்கு யூனியனின் கதவுகள் அடைக்கப்பட்டன. எனவே பிளவு என்பது விதிகளின் வேறுபாடு மட்டுமன்று. அது வர்க்க வேறுபாட்டின் வெளிப்பாடும் ஆகும்.

இலண்டனை நோக்கி

1928 வரை கிண்ண இறுதியாட்டங்கள் வடக்கு நகரங்களிலேயே நடைபெற்றன. அவற்றுக்குக் கூட்டம் குறைவில்லை. 1924இல் ராச்டேலில் விகனும் ஓல்டமும் மோதியபோது 41,831 பேர் திரண்டனர். கூட்டம் களத்துக்குள் வழிந்தது. விகனின் தென்னாப்பிரிக்க வீரர் வான் ஹீர்டன் காவலரின் குதிரையைச் சுற்றி ஓடிப் புள்ளி எடுத்ததாக அவ்வாட்டம் நினைவுகூரப்படுகிறது. வடக்கின் மைதானங்கள் தம் மக்களுக்கே போதாமற் போயின என்பதற்கு அது சான்று.

மறுபுறம், ஆட்டம் தன் எல்லையைக் கடக்க இயலாமல் தவித்தது. வேல்சில் தோன்றிய பொண்டிப்பிரிட் கழகம் 1926இல் சேர்ந்து 1927இல் மறைந்தது. 1928இல் சேர்ந்த கார்லைல் சிட்டி கழகம் பருவம் முடியும் முன்பே விலகியது. இச்சூழலில், இறுதியாட்டத்தை இலண்டனில் நடத்தும் முன்மொழிவு 1928ஆம் ஆண்டு மாநாட்டில் 13க்கு 10 என்னும் வாக்குகளில் நிறைவேறியது. வேறுபாடு மூன்றே வாக்குகள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பத்துப் பேரின் தயக்கத்துக்குக் காரணம் எளிதில் ஊகிக்கத்தக்கது: தம் மக்களின் ஆட்டத்தை அம்மக்களிடமிருந்தே தொலைவில் வைப்பது முறையா?

தேர்ந்த இடம் வெம்பிளி. 1924-25ஆம் ஆண்டுகளின் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி நிகழ்ந்த வளாகத்தின் அரங்கம் அது. அக்கண்காட்சியில் மலாயாவுக்கும் ஓர் அரங்கு இருந்தது என்பதை நம் வாசகர்கள் நினைவுகூரலாம். பேரரசின் பெருமையைப் பறைசாற்ற எழுந்த வளாகத்தில் சுரங்கத்தாரின் ஆட்டம் இடம் கேட்டு நின்றது.

பருவத்தின் இரு இறுதியாட்டங்கள்

அப்பருவத்தின் வாகையர் பட்டத்தை ஹடர்ஸ்ஃபீல்டு வென்றது. லீட்சுக்கு எதிரான அவ்விறுதியாட்டம் 2-0 என முடிந்தது. ஒரே ஒரு கோல் ஆண்டு முழுவதன் உழைப்பைத் தீர்மானித்தது.

கிண்ண இறுதியாட்டம் 1929 மே 4 அன்று வெம்பிளியில் நடைபெற்றது. நிலக்கரி நகரான விகனும் கம்பளி நகரான டியூஸ்பரியும் மோதின. விகன் 13-2 என வென்றது. முதற்புள்ளிகளை அணித்தலைவர் ஜிம் சல்லிவன் உதைத்துப் பெற்றார். சிட் ஆப்ரம், லூ பிரவுன், ராய் கின்னியர் ஆகியோர் தலா ஒரு 'டிரை' எடுத்தனர். சல்லிவன் 17 வயதில் கார்டிஃபிலிருந்து வந்தவர். பிரவுன் நியூசிலாந்தர். கின்னியர் ஸ்காட்லாந்துக்காக யூனியன் ஆட்டம் ஆடியவர். 'வட்டார ஆட்டம்' என இகழப்பட்ட ஒன்றில் இத்தனை நாட்டார் பங்கேற்றனர் என்பது அவ்விகழ்ச்சிக்கே விடையாகும்.

பார்வையாளர் 41,500 பேர். இஃது 1924ஆம் ஆண்டின் ராச்டேல் கூட்டத்தினும் சற்றுக் குறைவு. ஆக, வெம்பிளி கூட்டத்தைப் பெருக்கவில்லை. ஆட்டத்தின் மதிப்பையே மாற்ற முயன்றது எனலாம்.

விளைவுகள்

1932இல் மட்டும் இறுதியாட்டம் விகனுக்குத் திரும்பியது. 1933இல் வெம்பிளிக்கு வேல்ஸ் இளவரசரே வருகை தந்தார். எனினும் தலைநகரில் ஆட்டம் வேரூன்றவில்லை. 1933இல் தொடங்கிய இலண்டன் ஹைஃபீல்டு கழகம் ஒரே பருவத்தில் இலண்டனை விட்டு நீங்கியது. 1935இல் தோன்றிய ஆக்டன்-வில்ஸ்டன், ஸ்ட்ரெத்தம்-மிச்சம் கழகங்களும் 1937க்குள் மறைந்தன. இலண்டன் ஒரு நாள் விருந்தோம்பலை அளித்தது; குடியுரிமையை அளிக்கவில்லை.

முடிவுரை

இப்பருவத்தை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒற்றைச் சொல்லில் அடக்குதல் பொருந்தாது. தலைநகரின் ஏற்பினை நாடிய வடக்கு அதனைப் பெறவில்லை. ஆயினும் தொழிலாளர் குடும்பங்கள் ஆண்டுக்கொரு முறை இலண்டனுக்குப் பயணப்படும் ஒரு மரபு உருவாயிற்று. அஃது ஏற்பைவிட நெடிது நிலைத்தது. ஊதியத்தை மறுத்த யூனியன் 1995 ஆகஸ்டில், பிளவு நேர்ந்து சரியாக நூறாண்டு நிறைந்த மாதத்தில், தானும் தொழில்முறை ஆட்டத்தை ஏற்றது. 6 ஷில்லிங் கேட்டோரின் நியாயம் ஒப்புக்கொள்ளப்பட ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. உழைப்பவர் வரலாற்றைக் கற்பிக்கும் நாம் விளையாட்டுக் களத்தையும் ஓர் ஆவணமாகக் கொள்ளுதல் தகும்.