கரீபியப் பிரெஞ்சு இலக்கியத்தில் தமிழ்க் கூலிகள்

மர்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கறுப்பின எழுத்தில் தமிழ்க் கூலியாட்கள் பெறும் இடத்தையும், தோட்ட முதலாளிகள் கறுப்பர், தமிழர் ஆகிய இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்திய வரலாற்றையும் குறிக்கும் தலைப்பு.

புதுச்சேரியில் ஆள் விற்பனை இத்தீவுகளுக்குக் கூலிகள் போனதற்கும் முந்தியது. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, 1743இல் ஏமாற்றிப் பிடிக்கப்பட்டவர்களைத் தலை மழித்து, கறுப்பு உடுத்தி, காலில் விலங்கிட்டு அடைத்துவைத்ததைச் சொல்கிறது.

1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகினார்கள், அல்லது கூலி பேசினார்கள். அவர்களை அடக்க மலிவான ஆட்கள் தேவைப்பட்டனர். 1853 மே 6 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை மர்த்தினிக்கில் இறக்கியது. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் சேர்ந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றுதுறைகள். ஆனால் ஏறியவர் எல்லோரும் பிரெஞ்சுக் குடிகள் அல்லர். பண்டசோழநல்லூர், பாகூர், வில்லியனூர் பக்கம் பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேயர் நிலமும் வரப்புக்கு வரப்பு மாறிக் கிடந்தன. எல்லை தாண்டி ஆள் பிடிப்பது மேஸ்திரிகளுக்குச் சிரமமில்லை. பிரான்சும் பிரிட்டனும் செய்த 1861 உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயப் பகுதியிலும் சட்டப்படியே ஆள் சேர்த்தார்கள். 1888இல் ஆங்கிலேய அரசு தடுக்கும்வரை குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மர்த்தினிக்குக்கு 25,000 பேரும் போனார்கள். ஒப்பந்தம் 5 ஆண்டு. இது வேறு பெயரில் அடிமைத்தனமே என்று ஹியூ டிங்கர் 1974இல் எழுதினார். பஞ்சத்திலிருந்தும் சாதியிலிருந்தும் தப்ப மக்களே தேர்ந்த வழியும்கூட என்பாருண்டு.

கறுப்பர் கண்ணில் கூலி, தங்கள் பேரத்தைக் கெடுக்க வந்தவன். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத பலர் மர்த்தினிக்கின் ஃபோர் தெ பிரான்ஸ் நகரில் தெருக் கூட்டினார்கள். ஒவ்வொரு கூலிக்கும் சாக்கடை வாரும் முறை ஒருநாள் வரும் என்று மர்த்தினிக்கில் ஒரு பழமொழியே உண்டு. ஆயினும் அவர்களுடைய மாரியம்மனும் மதுரை வீரனும் அங்கே நிலைத்தார்கள். மதுரை வீரன் கிரியோல் வாயில் 'மல்தெவிதான்' ஆகி, இன்றும் கிடா பலி வாங்குகிறார்.

குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் (1863–1952) 1904இல் தொடங்கிய வழக்கு, 1923இல் இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை பெற்றுத் தந்தது.

கறுப்பின விழிப்பைப் பாடிய எமே செசேர் (1913–2008), மர்த்தினிக்கில் தமிழ்க் கூலிகள் நிறைந்த பாஸ் புவாந்தில் பிறந்தவர். 1939இல் வெளியான அவரது நெடுங்கவிதை உலகின் ஒடுக்கப்பட்டவர்களோடு தன்னை ஒன்றாக்கும்போது கல்கத்தா இந்துவையும் சேர்த்துக்கொள்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் காரைக்கால்காரனை ஏனோ பெயர் சொல்லவில்லை. கல்கத்தாவிலிருந்தும் சில கப்பல்கள் வந்தன என்பது ஒரு சமாதானம். பாரதியும் பிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடினாரே தவிர இத்தீவுகளை அல்ல.

மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992இல் கூலிகளின் அனுபவத்தை முன்னிறுத்தும் 'கூலித்துவம்' என்ற கருத்தை முன்வைத்தார். மர்த்தினிக் எழுத்தாளர் ரஃபயேல் கோன்ஃபியான், 2004இல் தமிழ்க் கூலிகளை மையமாக்கி ஒரு நாவல் வெளியிட்டார்.