சிசு இழப்பு: அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள்

சிசு இழப்பு என்பது உயிருடன் பிறந்த குழந்தை ஒரு வயது நிறைவதற்குள் இறப்பது. அமெரிக்காவில் 2022இல் உயிருடன் பிறந்த ஆயிரம் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 11 பேர் இவ்வாறு இறந்தனர். வெள்ளையினக் குழந்தைகளில் இவ்விகிதம் 4.5.

காரணங்கள்: குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, திடீர் சிசு மரணம். கல்லூரிப் படிப்பு முடித்த தாய்மாரிடமும் இந்த இடைவெளி நீடிக்கிறது. இனப்பாகுபாடு தரும் தொடர் மன அழுத்தத்தையும் மருத்துவச் சேவையின் ஏற்றத்தாழ்வையும் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர்.

விழிப்புணர்வு: 1988 அக்டோபரை கர்ப்ப, சிசு இழப்பு விழிப்புணர்வு மாதமாகக் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் அறிவித்தார். அக்டோபர் 15 நினைவுநாள். அன்றிரவு 7 மணிக்குக் குடும்பங்கள் மெழுகுவத்தி ஏற்றுகின்றன.

ஆதரவு: குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுவது, பிஞ்சுக் காலடித் தடத்தைப் பதிந்து தருவது, தந்தையின் துயரத்தையும் கேட்பது ஆகியவை பெற்றோருக்குத் துணையாகும். தாயின் வலியை மருத்துவர்கள் நம்பிக் கேட்பதும் இன்றியமையாதது.