வண்டி நிறுத்த ஓர் இடம்

சாத்தூர் வைப்பாற்றங்கரையில், மதுரையிலிருந்து தெற்கே நெல்லைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர். காராச்சேவுக்கும் வெள்ளரிப்பிஞ்சுக்கும் பெயர் பெற்ற இவ்வூரைச் சூழ்ந்து தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்த வரலாற்றை மாணவர்கள் அறிவீர்கள். 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினர். அந்நாள் தொட்டு வானம் பார்த்த இக்கரிசல் பூமிக்குத் தொழில் சோறிட்டது. சோறிட்ட அதே தொழில் சிலரிடம் கையையும், சிலரிடம் காலையும், சிலரிடம் கண்ணையும் விலையாக வாங்கிக்கொண்டது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேரளவில் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் தொகையைச் செய்தித்தாள் மறுநாளே அச்சிட்டுவிடுகிறது. பிழைத்தெழுந்து, ஓர் உறுப்பை இழந்த நிலையில் மேலும் முப்பது ஆண்டு வாழ்பவரைப் பற்றி அது பேசுவதில்லை.

அத்தகைய ஒருவர், பக்கச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் ஒரு நாள் பேருந்து நிலையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை அவர் எங்கே நிறுத்துவார்? நுழைவாயிலின் அருகிலெல்லாம் பிறர் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இருநூறு அடி தள்ளி இடம் இருக்கிறது. கால் உள்ளவனுக்கு இருநூறு அடி ஒரு தொலைவன்று. ஊன்றுகோலில் நடப்பவருக்கோ, அன்றைய அலுவலே முடிந்து போவதற்கு அது போதும். மிகச் சிறியதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை காண நாடுகள் சட்டம் இயற்ற நேர்ந்தது. அவ்வரலாற்றையே இப்பேச்சில் எடுத்துக்கொள்கிறேன்.

பிரிட்டனில் இதற்கு வித்திட்டது போர். முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் கால் இழந்து திரும்பிய வீரர்களுக்கு அந்நாட்டரசு மூன்று சக்கர வண்டிகளை வழங்கியது. வண்டி கொடுத்தால் மட்டும் போதுமா? அதை நிறுத்த இடம் வேண்டாவா? 1969ஆம் ஆண்டின் இறுதியில் ஆல்பிரட் மோரிஸ் என்னும் நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரும் வாய்ப்புச் சீட்டுக் குலுக்கலில் முதலாவதாகக் கிடைத்தது. அவருடைய தந்தை முதல் உலகப் போரில் நச்சுவாயுவுக்கு இரையாகி உடல் நலிந்தவர். மகன் அந்த வாய்ப்பை உடற்குறையுடையோர் பொருட்டுச் செலவிட்டார். 1970 மே 29ஆம் நாள், பொதுத்தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட அதே நாளில், அவருடைய மசோதா அரசியின் இசைவைப் பெற்றுச் சட்டமாயிற்று. ஒரு நாள் தவறியிருந்தால் உழைப்பெல்லாம் வீணாகியிருக்கும்.

அச்சட்டத்தின் 21ஆம் பிரிவே உலகம் கவனித்த பகுதி. அதன்படி 1971ஆம் ஆண்டு முதல் உடற்குறையுடையோருக்குச் செம்மஞ்சள் நிற அட்டை வழங்கப்பட்டது. வண்டியின் முன்கண்ணாடியில் அதை வைத்தால், பிறர் நிறுத்தக் கூடாத சில இடங்களிலும் நிறுத்தலாம். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான நீல அட்டை அதன் இடத்தைப் பெற்றது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அட்டை வண்டிக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. கால் வழங்காத தந்தையை மகன் தன் காரில் ஏற்றிச் சென்றாலும், அண்டை வீட்டார் தம் காரில் ஏற்றிச் சென்றாலும் அட்டை அவரோடு செல்லும். அவர் இறங்கிவிட்டால் உரிமையும் இறங்கிவிடும்.

நீல நிறத்தில் சக்கர நாற்காலி வரைந்த அடையாளத்தை எங்கேனும் பார்த்திருப்பீர்கள். 1968இல் சூசன் கூபோட் என்னும் டேனிஷ் மாணவி வரைந்தது அது. அவர் வரைந்தபோது உருவத்துக்குத் தலையில்லை. வெற்று நாற்காலி மட்டுமே இருந்தது. மறு ஆண்டு அதை உலகப் பொதுக் குறியாக ஏற்றபோதுதான் ஒரு வட்டத்தைத் தலையாகச் சேர்த்து மனிதனாக்கினர். இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நம் அலுவலகங்களில் இன்றும் பல வேளைகளில் நாற்காலியைத்தான் பார்க்கிறார்கள்; தலையைப் பார்ப்பதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சட்டம் ஆளிலிருந்து தொடங்காமல் வண்டியிலிருந்து தொடங்கிற்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1988ஆம் ஆண்டின் சட்டமும் உடற்குறையுடையோர் ஊர்தி என்று ஒருவகையைக் குறித்தன. அவ்வூர்தி அவர்களுக்கெனவே வடிவமைத்துக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். வேறு வண்டியை மாற்றியமைத்தது மட்டுமாக இருத்தலாகாது என்பது விதி. நம் ஊர்ப் பட்டறையில் என்ன நடந்தது? சாதாரண ஸ்கூட்டரை வாங்கி, இருபுறமும் சிறு சக்கரம் பூட்டி, கால் தடையைக் கைத்தடையாக மாற்றிக்கொண்டனர். போலியோவால் கால் சூம்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இப்படியே பிழைப்புத் தேடினர். ஏழையின் கைக்கெட்டிய இந்த வண்டியோ மேற்படி விளக்கத்துக்குள் அடங்காமல் நின்றது. தமிழக அரசே இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை விலையின்றி வழங்கும் திட்டம் நடந்துவந்தும், மத்தியச் சட்டத்தின் சொல் மாறுவதற்கு 2019ஆம் ஆண்டின் திருத்தம் வரவேண்டியிருந்தது. தனியே கட்டப்பட்டதாயினும் மாற்றியமைக்கப்பட்டதாயினும் இரண்டும் ஒன்றே என அது ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு அக்டோபரில், வண்டிப் பதிவு விண்ணப்பத்தில் உரிமையாளர் உடற்குறையுடையவரா என்பதைக் குறிக்கவும் இடம் தரப்பட்டது.

சொல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முடவர் என்றோம், பிறகு ஊனமுற்றோர் என்றோம், 2010ஆம் ஆண்டையொட்டித் தமிழக அரசு மாற்றுத்திறனாளி என்னும் சொல்லை வழக்கில் கொண்டுவந்தது. சொல் உயர்ந்தது, மகிழ்ச்சியே. ஆனால் படிக்கட்டின் உயரம் குறைந்ததா என்பது வேறு கேள்வி.

நிறுத்துமிடத்தைப் பற்றிய உரிமைக்கு வருகிறேன். 1995ஆம் ஆண்டின் சட்டம் 1996 பிப்ரவரி 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சாலைகளில் ஒலிக்குறி, நடைபாதையில் சரிவு, பொதுக் கட்டடங்களில் சாய்தளம் ஆகியவற்றை அது கூறியது. வண்டி நிறுத்துமிடத்தை அது பெயர் சொல்லிக் கூறவில்லை. கூறிய நன்மைகளையும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்னும் ஒரு தொடரால் கட்டிவைத்தது. பணமில்லை என்று ஒரு வரி எழுதினால் கடமை தீர்ந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2006 டிசம்பர் 13ஆம் நாள் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1ஆம் நாள் உறுதி செய்த பின்னர், அந்தக் கட்டு அவிழ்வதற்கு வழி பிறந்தது. இலங்கை அதற்கு ஓராண்டு முன்பே, 2006இல், பொதுக் கட்டடங்களுக்குச் சென்றுவரும் வசதி பற்றி ஒழுங்குவிதிகள் இயற்றியிருந்தது.

2016 டிசம்பரில் புதிய சட்டம் பிறந்தது. 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. முன்னதில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாயின. இதன் 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தம், இரயில் நிலையம், வானூர்தி நிலையம் ஆகியவற்றில் நிறுத்துமிடமும் கழிப்பறையும் பயணச்சீட்டு வழங்குமிடமும் உரிய அளவைப்படி அமைய வேண்டும் என்று கூறுகிறது. நிறுத்துமிடம் என்னும் சொல் உரிமைச் சட்டத்தின் ஏட்டில் ஏறிவிட்டது. சட்டத்தையோ அதன்கீழ் வந்த விதியையோ மீறினால் முதன்முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து இலட்சம் வரையிலும் தண்டம். தகுதியில்லாதவன் ஏமாற்றி இச்சலுகையைப் பெற முயன்றால் ஈராண்டு வரை சிறை, அல்லது ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும்.

இவ்வளவும் இருந்தும் இடையில் ஓர் ஓட்டை இருந்தது. உரிய அளவை எது என்பதை 2017 ஜூனில் வந்த விதிகளின் 15ஆம் விதி கூறியது. அது சுட்டிக்காட்டியதோ 2016இல் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகளை. ஏவலுக்கும் வேண்டுகோளுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பில் படித்திருப்பீர்கள். சட்டம் ‘செய்தல் வேண்டும்’ என்று ஏவியது. நெறிகளோ பல இடங்களில் ‘செய்தல் நன்று’ என்று வேண்டின. ஏவலைப் பின்தொடர்ந்து சென்றவர் கடைசியில் வேண்டுகோளில் வந்து முட்டிக்கொண்டார். பார்வையற்றவரான இராஜீவ் ரத்தூரி 2005ஆம் ஆண்டிலேயே தொடுத்திருந்த வழக்கில், 2024 நவம்பர் 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இந்த முரணை எடுத்துக்காட்டியது. 15ஆம் விதியின் முதல் உட்பிரிவு தாய்ச்சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்து, மீற முடியாத விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. வழக்குத் தொடுத்த ஆண்டுக்கும் இத்தீர்ப்புக்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் ஓடியிருந்தன என்பதையும் கணக்கிட்டுக்கொள்க.

அளவு என்றேனே, அது யாது? தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு கூறியது இது: கட்டடத்தின் நுழைவாயிலிலிருந்து முப்பது மீட்டருக்குள் இரண்டு கார்களுக்கு இடம்; ஒவ்வொன்றின் அகலமும் குறைந்தது 3.6 மீட்டர், சக்கர நாற்காலியினருக்கு ஒதுக்கப்பட்டது என்னும் அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சாதாரணமாக ஒரு காருக்கு இரண்டரை மீட்டர் அகலம் போதும். எஞ்சிய அகலம் கதவை முழுக்கத் திறந்து நாற்காலியைப் பக்கத்தில் இறக்கி வைப்பதற்கு. கோடு போட்ட அந்த வெற்றிடத்தை வீண் இடம் என்று எண்ணித்தான் பலர் அதில் மோட்டார் சைக்கிளை நுழைத்துவிடுகின்றனர். திரும்பி வருபவர் தம் வண்டிக்குள் ஏற முடியாமல் வெயிலில் காத்திருக்கிறார்.

இந்த அளவு காரை எண்ணி வகுக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாத்தூரிலும் சிவகாசியிலும் உடற்குறையுடைய உழைப்பாளர் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? அவர்களுடைய ஊர்தி பக்கச் சக்கர ஸ்கூட்டர். பிறருடைய இருசக்கர வண்டிகளைப் போல அதைச் சாய்த்து நெருக்கி நிறுத்த இயலாது. இருபுறமும் இடம் வேண்டும். ஊன்றுகோலை எடுத்து இறங்கச் சமதரை வேண்டும். நான் பணியாற்றிய நாளில் அரசு அலுவலகம் ஒன்றின் வாயிலில், இத்தகைய வண்டியில் வந்த முதியவர் ஒருவரைக் காவலர் தெருக்கோடிக்கு அனுப்பியதைக் கண்டேன். அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அக்காவலரிடம் காட்டுவதற்கு அம்முதியவரிடம் அட்டை ஏதும் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிறுத்த அனுமதி அட்டை என்று ஒன்று கிடையாது. மருத்துவச் சான்றின்மேல் வழங்கப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது; நாடு முழுவதற்கும் ஒரே எண் தரும் தனித்துவ அட்டையும் வந்துவிட்டது. பிரிட்டனின் நீல அட்டை செய்யும் வேலையை இதுவே செய்யலாம். ஆளோடு செல்வது, போலிக்கு எளிதில் இடந்தராதது. அதைக் கண்டால் வழிவிட வேண்டும் என்று வாயிற்காவலருக்கு யாரேனும் எழுத்தில் ஆணை தரவேண்டும், அவ்வளவே.

அந்த ஆணையை யார் தருவது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி வண்டிகள் நிற்குமிடங்களை வரையறுப்பது மாநில அரசு அல்லது அது அதிகாரம் அளித்த அதிகாரி. உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அதைச் செய்யலாம். எனவே சாத்தூரில் இது நகராட்சி மன்றத்தின் முன்னும் எடுத்துவைக்கக்கூடிய செய்தி. கல்லூரி மாணவர் நால்வர் ஓர் அளவு நாடாவுடன் பேருந்து நிலையத்துக்குச் சென்றால் அரைமணி நேரத்தில் கணக்கெடுத்துவிடலாம்: ஒதுக்கிய இடம் உண்டா, வாயிலிலிருந்து எத்தனை மீட்டர், அகலம் எவ்வளவு, அறிவிப்புப் பலகை எங்கே, அவ்விடத்தில் அப்போது நிற்பது யாருடைய வண்டி. கணக்கை மனுவாக எழுதி, 41ஆம் பிரிவைச் சுட்டி, நகராட்சி ஆணையருக்கு ஒரு படியும் விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒரு படியும் அனுப்பலாம். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.